விரைந்து கற்போர்க்கு ஒரு தனிவகுப்பு
சோவியத் நாட்டுக் கணிதப் பாடசாலைகளின் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கணித வகுப்பொன்றினை நடாத்தும் ஆசிரியர் எவரும் நாடோறுங் காணுங் காட்சி ஒன்றுண்டு. கரும்பலகையில் வினாவை எழுதிமுடித்துச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்குமுன்னரே ஒரு மாணவன் விடையைக் கூறிவிடுவான். அவனுக்குப் பின்வாங்கிலிருக்கும் வேறொருவனோ வினாவின் முதலடியையேனும் பிரதிசெய்து முடித்திரான். இவ்விருவரையும் ஒரே அறையிலிருத்தி ஒரே வேகத்திற் கற்பித்தல் முறையா, அன்றி முன்னவனைப் பிரித்தெடுத்து அவனுக்கெனத் தனிவகுப்பு அமைத்தல் முறையா என்னும் வினா புதியதன்று. நமது கல்லூரிகளில் ஆண்டின் தொடக்கத்தில் வகுப்புக்களை ‘ஏ’, ‘பி’ எனப் பிரிக்கும்போதெல்லாம் ஆசிரியர் கூட்டத்தில் இவ்வினா எழுகின்றது. பெரும்பாலும் விடைபெறாமலே அடங்குகின்றது. இதனை ஒரு நாடு முழுவதும் ஆராய்ந்து பார்த்த வரலாறு சோவியத் நாட்டில் உண்டு. அனைவருஞ் சமமென்பதையே அரசின் சமயமாகக் கொண்டிருந்த நாட்டில் இம்முயற்சி தோன்றியமையே அவ்வரலாற்றின் சுவைக்குக் காரணமாகும்.

தனிவகுப்புக்களுக்கு முன்னர்த் தோன்றியவை கணித வட்டங்களும் போட்டிகளுமாம். 1934 ஆம் ஆண்டில் லெனின்கிராட்டிலும், 1935 ஆம் ஆண்டில் மொஸ்கோவிலும் பாடசாலை மாணவர்க்கான கணித ஒலிம்பியாட் போட்டிகள் முதன்முறையாக நடைபெற்றன. அடுத்த ஆண்டாகிய 1936 இல், யூலை 4 ஆந் திகதி, பொதுவுடைமைக் கட்சியின் மத்தியகுழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதனைத்தாள்களால் அளந்து வகைப்படுத்தும் முறை அதனால் அடியோடு தடைசெய்யப்பட்டது. பிறவியிலேயே சிலர் அறிவுடையர், சிலர் அறிவிலர் எனக் கூறுவது தொழிலாளர் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியெனக் கருதப்பட்டது. இவ்வாறு அளவுகோல் பறிக்கப்பட்டதனாற் போலும், அந்நாட்டிற் கணிதத்திறமையைக் கண்டறியுங் கருவியாக ஒலிம்பியாட் ஒன்றே நிலைத்தது. போட்டியில் ஒருவனது பிறவித்திறனை எவரும் அளப்பதில்லை. அவன் வினாவைத் தீர்த்தானா இல்லையா என்பதே கேள்வி. கொள்கைக்கும் இது முரணன்று.

மொஸ்கோப் பல்கலைக்கழகத்தின் கணித வட்டத்தில் ஆரம்பத்தில் அறிஞர்கள் விரிவுரை நிகழ்த்த மாணவர் கேட்டிருந்தனர். 1938 ஆம் ஆண்டளவில் தாவீது சுக்லியார்ஸ்கி என்னும் இளைஞர் இம்முறையை மாற்றினார். விரிவுரையைக் குறைத்து, வினாக்களைக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் மாணவரே எழுந்து தத்தம் தீர்வுகளைக் கூறும்படி செய்தார். அவ்வாண்டு ஒலிம்பியாட்டிற் பரிசில்களிற் பெரும்பங்கினை அவருடைய மாணவரே பெற்றனர். சுக்லியார்ஸ்கி 1942 இற் போரில் மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கினைத் தாண்டவில்லை. ஆனால் ஆசிரியர் பேச்சைக் குறைத்து மாணவன் பேச்சைக் கூட்டும் அவருடைய முறை பின்வந்த கணிதவகுப்புக்கள் அனைத்திலும் வேரோடிற்று.

இனி, தனிவகுப்புத் தோன்றிய கதைக்கு வருவாம். 1957 ஒக்ரோபர் 4 ஆந் திகதி சோவியத் நாடு முதற் செயற்கைக்கோளை வானிற் செலுத்தியபோது, அந்நாட்டுக் கல்விமுறையே அதற்குக் காரணமென மேல்நாடுகள் அஞ்சின. வேடிக்கை யாதெனில், அதே வேளையில் அந்நாட்டுத் தலைவர் குருஷ்சேவ் அக்கல்விமுறையில் அதிருப்தி கொண்டிருந்தமையே. பாடசாலை முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலையே நோக்கி நிற்கின்றனர், தொழிற்சாலைக்குச் செல்ல நாணுகின்றனர் என்பது அவர் குறை. (இக்குறை அந்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்றென்பதை நம்மவர் அறிவர்.) ஆதலின், 1958 டிசெம்பரிற் புதிய கல்விச்சட்டம் ஒன்று நிறைவேறியது. மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் பாடத்தோடு ஒரு தொழிலையும் பயிலவேண்டுமென அது விதித்தது.

அச்சட்டம் ஆலோசனையில் இருந்தபோதே இரு பௌதிக அறிஞர்கள் மாற்றுக்கருத்தொன்றை வெளியிட்டனர். அவர்கள் செல்தோவிச், சகாரொவ் என்போர். கணிதம், பௌதிகம் ஆகியவற்றில் ஆற்றலுடைய பிள்ளைகளுக்குத் தனிப்பாடசாலைகள் வேண்டுமென ‘பிராவ்தா’ப் பத்திரிகையில் 1958 நவெம்பரில் அவர்கள் எழுதினர். இத்துறைகளில் மனிதன் தன் சிறந்த பணியை இளமையிலேயே செய்கின்றான். அவ்விளமையை வீணாக்குதல் நாட்டுக்கு இழப்பு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சிலருக்கெனத் தனிச்சலுகை கூடாதென மறுத்தவர்களும் இருந்தனர். ஈற்றில் நிறைவேறிய சட்டத்தில் அத்தகைய பாடசாலைகளுக்கு இடமளிக்கப்படவில்லை.

எனினும், சட்டம் அடைத்த வாயிலைச் சட்டத்தின் சொல்லைக்கொண்டே திறந்தார் ஒரு பாடசாலை ஆசிரியர். மொஸ்கோவின் 444 ஆம் இலக்கப் பாடசாலையிற் கணிதங் கற்பித்தவர் சிமியோன் சுவார்ட்ஸ்பூர்ட். ஒவ்வொரு மாணவனும் ஒரு தொழில் பழகவேண்டுமென்றால், கணனிக்கு நிரல் எழுதுவதும் ஒரு தொழிலே அன்றோ என அவர் கேட்டார். 1959 செற்றெம்பரில் நிரலாளர் பயிற்சிவகுப்பு என்ற பெயரில் ஒரு வகுப்பு அங்கே தொடங்கிற்று. பெயர் தொழிற்பயிற்சி, உள்ளே நடந்தது உயர்கணிதம். தச்சுவேலைக்கும் கடைச்சல்வேலைக்கும் ஒதுக்கப்பட்ட நேரம் நுண்கணிதத்துக்கும் எண்முறைக் கணிப்புக்குங் கிடைத்தது. மந்திரிகளும் விஞ்ஞானிகளும் முட்டிமோதிய விடயத்தை வகுப்பறையிலிருந்த ஒருவர் சந்தடியின்றி முடித்தமை, ஆசிரியத்தொழிலில் இருப்போர் நினைந்து மகிழத்தக்கது. சில ஆண்டுகளில் இத்தகைய வகுப்புக்கள் மொஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் பல பாடசாலைகளிற் பரவின.

ஆயின், இவையெல்லாம் மாநகரப் பிள்ளைகளுக்கே எட்டின. சைபீரியாவின் ஒரு கிராமத்திற் பிறந்த பிள்ளைக்கு யாது வழி? இவ்வினாவை எழுப்பியவர் கணித அறிஞர் லவ்ரென்தியெவ். விஞ்ஞானக் கழகத்தின் சைபீரியக் கிளையை 1957 இல் நொவொசிபிர்ஸ்க் நகரின் அருகே நிறுவியவர் அவரே. 1962 ஆம் ஆண்டில் சைபீரியா முழுவதற்குமான ஒலிம்பியாட் ஒன்று நடாத்தப்பட்டது. அதிற் சிறந்தோர் கோடைகாலப் பாடசாலைக்கு அழைக்கப்பட்டு, அங்கும் ஆராயப்பட்டனர். 1963 சனவரி 21 ஆந் திகதி நொவொசிபிர்ஸ்கிற் கணித பௌதிக விடுதிப் பாடசாலை தொடங்கியது. அரசாணை அதன் பின்னரே வந்தது. 1963 ஓகஸ்ட் 23 ஆந் திகதி வெளியான ஆணைப்படி மொஸ்கோ, லெனின்கிராட், கீவ், நொவொசிபிர்ஸ்க் ஆகிய நான்கு நகரங்களிற் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த விடுதிப் பாடசாலைகள் அமைக்கப்பட்டன. மொஸ்கோவில் அமைந்தது 18 ஆம் இலக்கப் பாடசாலை. 1963 டிசெம்பர் 2 ஆந் திகதி அதன் வகுப்புக்கள் ஆரம்பமாயின. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் அந்திரேய் கொல்மகோரொவ்.

கொல்மகோரொவைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். 1903 இற் பிறந்த அவர் பிறப்பிலேயே தாயை இழந்து, யாரொஸ்லாவ் நகருக்கண்மையிலுள்ள சிற்றூரொன்றில் தாயின் சகோதரியரால் வளர்க்கப்பட்டவர். ஐந்தாறு வயதில் ஒற்றையெண்களை வரிசையாகக் கூட்டிப் பார்த்து, ஒன்று ஒன்றின் வர்க்கம், ஒன்றும் மூன்றுஞ் சேர்ந்து இரண்டின் வர்க்கம், அவற்றோடு ஐந்துஞ் சேர்ந்தால் மூன்றின் வர்க்கம் எனத் தானே கண்டுபிடித்தாராம். நிகழ்தகவுக் கொள்கைக்கு உறுதியான அத்திவாரமிட்ட அவரது நூல் 1933 இல் வெளியாயிற்று. உலகப்புகழ் பெற்ற இவர், பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்திலேயே, 1922 இலிருந்து மூன்றாண்டுகள் ஒரு பாடசாலையில் ஆசிரியராகக் கடமையாற்றினார். அறுபதாவது வயதில் மீண்டும் பாடசாலை வகுப்பறைக்கு வந்து, பதினைந்து ஆண்டுகளளவாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஆராய்ச்சியாளர் பலர் பாடசாலைக் கல்வியைப்பற்றி ஆலோசனை கூறுவர். சுண்ணக்கட்டியைக் கையிலெடுப்போர் அரியர்.

18 ஆம் இலக்கப் பாடசாலையில் எவர் சேர்க்கப்பட்டனர், அவரிடம் யாது எதிர்பார்க்கப்பட்டது என்பவையே நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. மொஸ்கோ நகரப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கு நகரத்திலேயே கணிதவகுப்புக்கள் இருந்தன. சிறுபட்டினங்களிலும் கிராமங்களிலும் இருந்தே மாணவர் தெரியப்பட்டனர். பிரதேச ஒலிம்பியாட்டும், அதன்பின் எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும், கோடைகாலப் பாடசாலையில் நேரிற் காணும் நோட்டமும் தெரிவுக்கு வழிகளாயின. ஒருநாட் பரீட்சையில் தடுமாறும் பிள்ளை, சில வாரம் உடனிருந்து பார்த்தால் வேறாகத் தோன்றுவான் என்பதைத் தெரிவாளர் உணர்ந்திருந்தனர். சேர்ந்தோர் பாடசாலையின் ஈற்றாண்டுகளை, சிலர் இரண்டாண்டும் சிலர் ஓராண்டுமாக, அங்கே கழித்தனர். பெண்பிள்ளைகள் தொகையிற் குறைந்தே இருந்தனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிற் கணிதத்தில் முதல்வராய் இருந்தவர். இங்கே முதன்மாதத்திலேயே பலர் இடையிலும் கடையிலும் நின்றனர். பெற்ற புள்ளிகள் ஐந்திலிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் இறங்கின. இதனைத் தாங்கிக்கொள்ளல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எளிதன்று. சிலர் ஊருக்குத் திரும்பினர். இத்தகைய வகுப்பில் நுழையும் மாணவனுக்கு முதலிற் சொல்லவேண்டுவது பாடத்திட்டமன்று, இதுவேயென நாம் கருதுகின்றோம்: நீ முதல்வனாயிருந்த காலம் முடிந்தது, அது தோல்வியன்று. பெற்றோருக்கும் இதனையே சொல்லவேண்டும். அவர்களுக்கு விளங்கவைத்தல் மாணவருக்கு விளங்கவைப்பதினும் கடினம்.

பாடங்கள் வேகத்திலும் ஆழத்திலும் சாதாரண பாடசாலையினின்றும் வேறுபட்டன. நுண்கணிதம், பகுமுறைக் கேத்திரகணிதம், எண்கொள்கை, நிகழ்தகவு ஆகியன கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழக விரிவுரையாளர் விரிவுரை நிகழ்த்துவர். பின்னர் சிறு குழுக்களாகப் பிரிந்து இளம் பட்டதாரிகளோடு வினாக்களைத் தீர்ப்பர். செய்முறைக் கணிதம் என ஒரு பாடமும் இருந்தது. வளையிகளைக் கையால் நுணுக்கமாக வரைதலும், எண்முறையாற் கணித்து முடிவு காணுதலும் அதன்பாற்படும். தேற்றத்தை நிறுவத் தெரிந்தவன் ஒரு சமன்பாட்டின் மூலத்தை நான்கு தசமதானத்துக்குக் கணிக்கவும் அறியவேண்டுமென்பது கொல்மகோரொவின் கொள்கை.

கணிதம் மாத்திரங் கற்ற மனிதனை அவர் விரும்பவில்லை. மாலைவேளைகளில் மாணவரை அமர்த்தி இசைத்தட்டுக்களைக் கேட்பித்து, இசையைப்பற்றி உரையாற்றுவார், கவிதை வாசிப்பார், பனிக்காலத்திற் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நெடுந்தூரம் அழைத்துச்செல்வார். இலக்கியமும் வரலாறும் தக்க ஆசிரியர்களாற் கற்பிக்கப்பட்டன. மாணவர் எல்லாருங் கணித அறிஞராக வேண்டுமென அவர் எதிர்பார்க்கவுமில்லை. கணிதத் தொழிலைப்பற்றி அவர் எழுதிய சிறுநூலொன்றில், பாடசாலைக் கணிதத்தை நன்கு விளங்கிக்கொள்வதற்குத் தக்க வழிகாட்டலோடு சாதாரண மனித ஆற்றலே போதியதென வற்புறுத்துகின்றார். விசேட ஆற்றல் என ஒன்று இருப்பின் அது ஒருவகையன்று. கோவைகளைத் திறம்படக் கையாளுதல், உருவங்களை மனக்கண்ணிற் காணுதல், தருக்கமுறையிற் படிப்படியே செல்லுதல் எனப் பலவகைத்து என்றும் அங்கே விளக்குகின்றார். விரைவு என்பது அப்பட்டியலில் இல்லாமை கவனிக்கத்தக்கது. நமது பரீட்சை மண்டபங்களிலோ மணிக்கூடே முதற் பரீட்சகராய் வீற்றிருக்கின்றது.

அப்பாடசாலையின் முதலாண்டு மாணவருள் யூரி மத்தியாசெவிச் ஒருவர். லெனின்கிராட்டிலிருந்து வந்து அங்கே கற்றவர். 1964 ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடைபெற்ற சர்வதேச ஒலிம்பியாட்டிற் பங்குபற்றிப் பரிசில் பெற்றார். ஹில்பேட் என்னும் யேர்மன் அறிஞர் 1900 ஆம் ஆண்டில் உலகின்முன் வைத்த வினாக்களுட் பத்தாவதற்கு இறுதி விடையை 1970 இல் அவர் கண்டபோது வயது இருபத்திரண்டே. இளமையை வீணாக்கலாகாது என்ற பௌதிக அறிஞர் இருவரின் வாதத்துக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு மத்தியாசெவிச்சைக் காட்டி ஒரு திட்டத்தை நியாயப்படுத்தலாமா என்பது வேறு வினா.

விடுதிப் பாடசாலைக்கு வெளியே, மொஸ்கோ நகர வகுப்புக்களில் வேறொரு முறை வளர்ந்தது. அதனை உருவாக்கியவர் நிக்கொலாய் கொன்ஸ்தாந்தினொவ் (1932 - 2021). அவருடைய வகுப்பில் விரிவுரையே இல்லை. மாணவன் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும். சில வரைவிலக்கணங்களும், அவற்றைத் தொடர்ந்து வினாக்களும் அதிலிருக்கும். பாடநூலிலே தேற்றமென நிறுவிக் காட்டப்படுவது இங்கே வினாவாக நிற்கும். உதாரணமாக, இரட்டையெண்களையும் இயற்கையெண்கள் அனைத்தையும் ஒன்றுக்கொன்றாகச் சோடிசேர்க்கலாமெனக் காட்டுக என ஒரு வினா இருக்கலாம். அதனைத் தானே தீர்க்கும் மாணவன் முடிவிலியின் இயல்பை எவருஞ் சொல்லாமலே உணர்வான். தீர்த்ததும் கையுயர்த்துவான். பல்கலைக்கழக மாணவர் சிலர், பெரும்பாலும் முன்னர் அதே வகுப்பிற் கற்றவர், உதவியாளராய் அறையில் இருப்பர். நாலைந்து மாணவருக்கு ஒருவர் என்னும் அளவில் அமைந்த அவர்களுள் ஒருவர் அருகிலமர்ந்து கேட்பார். நிறுவலில் ஓட்டையிருப்பின் சுட்டுவார், விடையைக் கூறார். சரியாயின் பதிவேட்டில் அவன் பெயருக்கெதிரே ஒரு சக அடையாளம் இடப்படும். தாள் முடிந்தால் அடுத்த தாள். ஒருவன் ஏழாந்தாளில் நிற்க மற்றொருவன் நான்காந்தாளில் நிற்பான், இருவருக்கும் இடையூறில்லை.

வகுப்பைப் பிரித்த பின்னரும் அதற்குள்ளே வேறுபாடு தொடரும் என்பதை இம்முறை ஒப்புக்கொள்கின்றது. பொறுக்கியெடுத்த இருபத்தைந்து பேரும் ஒரே வேகத்திற் செல்வர் என எண்ணிய ஆசிரியர் ஏமாறுவர். இக்கட்டுரையாளனும் ஒருமுறை அவ்வாறு எண்ணி ஏமாந்தவனே. பல ஆண்டுகளுக்கு முன், கற்பித்த பாடசாலையொன்றில், பத்தாம் வகுப்பு மாணவருட் சிறந்தோரைத் தனியே கூட்டி உயர்தரப் பாடத்தை முற்கூட்டித் தொடங்கினோம். பாடம் விரைந்து ஓடிற்று. ஆண்டிறுதியில் வகையீட்டுச் சூத்திரங்கள் யாவும் அவர்களுக்கு மனனம். எல்லை என்பது யாது என்று கேட்டபோது விடைகூறினார் எவருமிலர். அவர்கள்மேற் குற்றமில்லை, ஓடியது நாம். கொன்ஸ்தாந்தினொவின் பதிவேட்டுமுறையைப் பின்னர் வாசித்தறிந்தபோது நமக்கு உண்டான வெட்கம் சிறிதன்று. ஆனால் நாலைந்து பேருக்கு ஓர் உதவியாளருக்கு எங்கே போவது என்ற பெருமூச்சும் கூடவே எழுந்தது.

இவ்வகுப்புக்களுக்கு இடையூறும் நேர்ந்தது. சுயமாகச் சிந்திக்கப் பழகிய மாணவன் கணிதத்தில் மாத்திரம் அவ்வாறு சிந்தித்து ஏனையவற்றில் வாய்மூடி இருப்பான் என எதிர்பார்த்தல் இயலாது. மொஸ்கோவின் 2 ஆம் இலக்கப் பாடசாலை கெல்பாண்ட் முதலிய பேரறிஞர்கள் விரிவுரை நிகழ்த்திய இடம். இலக்கிய வரலாற்று ஆசிரியர்களாலும் புகழ்பெற்றது. அங்கு நிலவிய சுதந்திரப் பேச்சு அதிகாரிகளின் காதுக்கு எட்டியது. 1971 இல் அதன் அதிபர் ஒவ்சின்னிகொவ் பதவிநீக்கப்பட்டார். ஆசிரியர் பலரும் வெளியேறினர்.

கெல்பாண்ட் செய்த மற்றொரு பணி நம் நெஞ்சுக்கு நெருங்கியது. உக்ரேனியச் சிறுபட்டினமொன்றிற் பிறந்த அவர் பாடசாலைக் கல்வியையே முற்றாகப் பெறாதவர். பட்டதாரியாகாமலே பத்தொன்பது வயதில் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானவர். விடுதிப் பாடசாலை சில நூறு பிள்ளைகளுக்கே இடமளிக்கும். ஏனையோருக்கு யாது செய்வது எனக் கருதி, 1964 இல் அஞ்சல்வழிக் கணிதப் பாடசாலையை அவர் நிறுவினார். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்குத் தபாலில் வினாத்தாள் செல்லும். விடைகள் திரும்பி வரும். பல்கலைக்கழக மாணவர் அவற்றைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்புவர். ஒரு கிராமப் பாடசாலையின் பிள்ளைகள் தம் ஆசிரியரோடு கூடி ஒரே மாணவனாகப் பதிந்துகொள்ளவும் இடமுண்டு. ஆள்கூறுகள் பற்றியும் சார்புகளும் வரைபுகளும் பற்றியும் இப்பாடசாலைக்கென எழுதப்பட்ட சிறுநூல்கள் பின்னர்ப் பலமொழிகளிற் பெயர்க்கப்பட்டன. வெளிவாரி மாணவனாக, குப்பிவிளக்கின்முன் தபாற்காரனை எதிர்நோக்கியிருந்து பட்டம்பெற்ற ஒருவனுக்கு, திருத்திய தாளின் ஓரத்தில் அறியாத ஒருவர் எழுதிய நான்கு வரிகள் எத்துணைப் பெரிது என்பதை எவருஞ் சொல்லவேண்டியதில்லை.

இனி எஞ்சியது கசப்பான அத்தியாயம். தெரிந்தெடுத்த பிள்ளைகளோடு வெற்றிகண்ட கொல்மகோரொவ், நாட்டின் பாடசாலைகள் அனைத்துக்குமான கணிதப் பாடத்திட்டத்தைச் சீர்திருத்தும் பொறுப்பையும் ஏற்றார். 1970 ஐ அடுத்த ஆண்டுகளிற் புதிய பாடநூல்கள் வகுப்பறைகளுக்கு வந்தன. கேத்திரகணிதம் தொடைக் கொள்கையின் மொழியில் எழுதப்பட்டது. இரு முக்கோணிகள் சமம் எனத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை இனிச் சொல்லலாகாது. புள்ளிகளின் தொடை தன்னோடு மட்டுமே சமமாகும், ஆதலின் அவை ஒருங்கிசைவன எனல் வேண்டும் என்றாயிற்று. காவியென்பது அம்புக்குறியன்று, தளத்தின் ஒரு பெயர்ச்சி என வரைவிலக்கணங் கூறப்பட்டது. தருக்கமுறையில் இதிற் பிழை யாதுமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும், புதுநூலை நேற்றே கையிலெடுத்த கிராம ஆசிரியருக்குமே இது பாரமாயிற்று. தன் பிள்ளையின் வீட்டுவேலையை விளங்கிக்கொள்ளமுடியாத பொறியியலாளர் பத்திரிகைகளுக்கு எழுதினர். 1978 டிசெம்பரில் விஞ்ஞானக் கழகத்தின் கணிதப் பிரிவு இப்பாடத்திட்டத்தைக் குறைகூறித் தீர்மானித்தது. கண்பார்வையற்ற பேரறிஞர் பொன்த்ரியாகின் 1980 இல் கட்சியின் கொள்கை ஏடாகிய ‘கொமியூனிஸ்ட்’ சஞ்சிகையிற் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்நூல்கள் நீக்கப்பட்டு, கேத்திரகணிதத்துக்குப் பொகொரெலொவ் எழுதிய நூலும் பிறவும் இடம்பெற்றன.

விடுதிப் பாடசாலையில் அதே மனிதர், அதே உள்ளத்தோடு, அதே கணிதத்தைக் கற்பித்து வென்றார். நாடு முழுவதிலும் தோற்றார். பிள்ளைகளின் ஆற்றல் வேறுபட்டமையே காரணமென்பர் சிலர். நமது கருத்து வேறு. விடுதிப் பாடசாலையிற் பிள்ளை தடுமாறியபோது அருகிலமர்ந்து கேட்க ஒருவர் இருந்தார். நாட்டுப் பாடசாலைகளுக்கு நூல் மாத்திரமே சென்றது. நூலை அச்சிட ஓராண்டு போதும். அந்த ஒருவரை ஆக்குவதற்கோ சுக்லியார்ஸ்கி காலத்திலிருந்து இருபத்தைந்தாண்டு சென்றது.

கொல்மகோரொவ் தாக்குதல்களுக்கு நீண்ட மறுமொழி எழுதிக்கொண்டிருக்கவில்லை. நடுக்குவாத நோய் பற்றிக்கொண்டது, பார்வையும் குன்றியது. 1970 இல் பௌதிக அறிஞர் கிக்கோயினோடு சேர்ந்து மாணவருக்காகத் தொடங்கிய ‘குவான்ற்’ சஞ்சிகையிற் கணிதப் பகுதியைத் தொடர்ந்து கவனித்துவந்தார். 1987 ஒக்ரோபர் 20 ஆந் திகதி காலமானார். அடுத்த ஆண்டில் 18 ஆம் இலக்க விடுதிப் பாடசாலை மொஸ்கோப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக்கப்பட்டது. பின்னர் அவர் பெயரையும் பெற்றது. சுவர்களின் இலக்கம் மாறியபோதிலும், பழைய மாணவர் அதனை இன்றும் ‘பதினெட்டு’ என்றே அழைக்கின்றனர்.